தோட்டத்துப் படிகளில் பொலிஸ்: பிரஜா பொலிஸ் முறையை நடத்தவும் அதன் பயனை அளக்கவும் ஒரு வழிகாட்டி

இலங்கையின் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குள் பொலிஸ் ஜீப் ஏறி வரும்போது, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது, "யாரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள்?" என்பதுதான். பிடிப்பதற்கும் விசாரிப்பதற்கும் அன்றி வேறெதற்கும் பொலிஸார் தோட்டத்துக்கு வருவதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன அனுபவம். சமுதாயப் பொலிஸ் முறை, அல்லது நம்மிடையே பிரஜா பொலிஸ் என்று வழங்கும் முறை, அந்த அனுபவத்தை மாற்றுவதற்கான வேலை. தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டு, எங்கள் தோட்டப் பிரிவில் பொலிஸாரும் மக்களும் சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுவுக்குச் சில ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தவன் என்ற முறையில், அந்த வேலையை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது, அதனால் உத்தியோகத்தர்களின் வேலைத்திறன் உண்மையிலேயே உயர்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன். குழுவில் இருக்கும் தோட்டத்து மக்களுக்கும், மலையகப் பொலிஸ் நிலையங்களில் கடமையாற்றும் உத்தியோகத்தர்களுக்கும் இது ஒருசேரப் பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

வேலை எங்கே மாறுகிறது

வழக்கமான பொலிஸ் வேலை ஒரு சம்பவத்தில் தொடங்கி அந்தச் சம்பவத்தோடு முடிகிறது. 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்துக்கு அழைப்பு வருகிறது, வாகனம் புறப்படுகிறது, வாக்குமூலம் பதியப்படுகிறது, கோப்பு மூடப்படுகிறது. அதே வீட்டிலிருந்து அடுத்த மாதமும் அழைப்பு வந்தால் அது இன்னொரு சம்பவம், இன்னொரு கோப்பு. பிரஜா பொலிஸ் முறையில், குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் குறிப்பிட்ட ஓர் உத்தியோகத்தர் பொறுப்பாகிறார். ஒரே வீட்டின் ஆறு அழைப்புகளை ஆறு சம்பவங்களாகப் பார்க்காமல் ஒரே பிரச்சினையாகப் பார்த்து, அதன் வேரைத் தேடுவது அவருடைய கடமையாகிறது. இப்படிப் பிரச்சினையை முன்வைத்துப் பொலிஸ் வேலையை ஒழுங்கமைக்க வேண்டும் என்ற வாதத்தை 1979ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் தெளிவாக முன்வைத்தார்.

அதற்கு முன்பே, ரோந்து வாகனங்களைக் கூட்டினால் குற்றம் குறையும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் நடத்தப்பட்ட பரிசோதனையொன்றில், சில பகுதிகளில் ரோந்து வாகனங்கள் பெருக்கப்பட்டன, சில பகுதிகளில் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டு அழைப்பு வந்தால் மட்டுமே வாகனம் சென்றது, மற்றவற்றில் எதுவும் மாற்றப்படவில்லை. குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் இந்த மூன்று வகைப் பகுதிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. பின்னர் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் பொலிஸார் கால்நடையாக ரோந்து சென்றதை ஆராய்ந்தபோது, அதனாலும் குற்றம் குறையவில்லை என்றாலும், மக்களின் அச்சம் குறைந்திருந்தது, பொலிஸாரைப் பற்றிய அபிப்பிராயம் உயர்ந்திருந்தது. நடந்து சென்ற உத்தியோகத்தர்களே தங்கள் வேலையில் கூடுதல் மனநிறைவு அடைந்திருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நம் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகள் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் பெயரை மாற்றினால் பலன் வந்துவிடும் என்று எவரும் நம்பிவிடக் கூடாது. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகண்டா ஆகிய ஆறு நாடுகளில் இந்த முறையைப் பரிசோதித்து 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மக்களின் நம்பிக்கை உயரவும் இல்லை, குற்றம் குறையவும் இல்லை என்று கண்டது. அதற்கு அந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களை வாசித்தபோது எனக்கு எங்கள் பிரிவை நேரில் பார்த்து எழுதியது போலிருந்தது. மேலதிகாரிகள் இதற்கு முன்னுரிமை கொடுக்கவில்லை, பழகிய உத்தியோகத்தர்கள் அடிக்கடி இடம் மாற்றப்பட்டார்கள், மக்கள் சொன்ன பிரச்சினைகளின் மீது நடவடிக்கை எடுக்கப் போதிய வசதி அவர்களிடம் இருக்கவில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த மூன்று ஓட்டைகளையும் அடைப்பதைப் பற்றியதே.

பயத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

புதிதாக வரும் உத்தியோகத்தர் ஒருவர், "நான் எதுவும் செய்யவில்லையே, ஏன் என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்கள்?" என்று மனம் வருந்துவது இயல்பு. அவருக்குச் சில விடயங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குழுவின் பொறுப்பு. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்துப் போராட்டத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். 1977ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த தலவாக்கலை டெவன் தோட்டத்துப் போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தப் பெயர்கள் இன்றும் மேதின மேடைகளில் ஒலிக்கின்றன. 1948இல் மலையக மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட குடியுரிமையின் சிக்கல்கள் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தன என்பதால், சீருடையும் முத்திரையும் வைத்திருக்கும் எவர் முன்னும் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டு நின்ற தாத்தா பாட்டிகளின் நடுக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்றைய லயத்து மக்கள். இதைத் தெரிந்துகொண்ட உத்தியோகத்தர் சாத்திய கதவைத் தமக்கெதிரான அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மொழியை முதலில் சரிசெய்யுங்கள்

குழு அமைப்பதற்கும் முன்பு செய்ய வேண்டியது இது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளும் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாடு எழுத்தில் பதியப்பட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்கிறது. சட்டத்தில் குறையில்லை. குறை நிலையத்து மேசையில் இருக்கிறது.

ஒருமுறை, கணவரால் தாக்கப்பட்ட பெண்ணொருவருக்குத் துணையாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குச் சென்றேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, எதிரில் இருந்த உத்தியோகத்தர் தமக்குப் புரிந்த அளவில் சிங்களத்தில் எழுதிக்கொண்டே போனார். இரண்டரைப் பக்கம் வந்தது. வாசித்துக் காட்டுமாறு நான் கேட்டபோது, நேரமில்லை என்று சொல்லி, கையொப்பத்துக்காகப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். அந்தப் பெண் பேனாவை வாங்கி, கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்திருந்த விரல்களால் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். பின்னர் நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலம் மொழிபெயர்க்கப்பட்டபோது, கணவர் அவரைத் தள்ளிவிட்டதாக மட்டுமே அதில் இருந்தது. "நான் வெறகுக் கட்டையால அடிச்சாருன்னுதானே சொன்னேன், சார்" என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த உத்தியோகத்தர் கெட்டவர் அல்லர் என்றே இன்றும் நினைக்கிறேன். அவருக்கு 'விறகுக் கட்டை' என்ற சொல் தெரிந்திருக்கவில்லை. அன்றைய அவருடைய வேலை தோற்றது அந்த ஒரு சொல்லால்தான்.

எனவே, நிலையத்தில் தமிழில் எழுதவும் வாசிக்கவும் தெரிந்த உத்தியோகத்தர் எந்தெந்த நாட்களில், எந்த நேரத்தில் கடமையில் இருப்பார் என்ற விவரத்தைப் பொறுப்பதிகாரியிடம் கேட்டு வாங்கி, பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையம்) சுவரிலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். அப்படி ஒருவரும் இல்லாத நிலையமாக இருந்தால், முறைப்பாட்டைத் தமிழில் வீட்டிலேயே எழுதிக்கொண்டு சென்று கையளிக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். உயர்தரம் படித்த பிள்ளைகள் இதற்கு உதவலாம், ஆனால் எழுதியதை வெளியில் பேசாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். உத்தியோகத்தர்கள் தங்கள் பங்குக்குத் தோட்டத்துப் பேச்சுச் சொற்கள் ஐம்பதையாவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்), காம்பரா (லயத்து அறை), கொழுந்து மடுவம், தொங்க வீடு, கைக்காசு போன்றவை தெரியாமல் தோட்டத்தில் விசாரணை செய்வது, இருட்டில் படியேறுவதைப் போன்றது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அந்த ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது.

குழுவை யாரைக் கொண்டு நிரப்புவது

பெரும்பாலான குழுக்கள் பிறக்கும்போதே நோயுடன் பிறக்கின்றன. தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டித் தலைவர், கடை முதலாளி, தோட்ட நிர்வாகத்தின் பிரதிநிதி ஆகியோரை முன் வரிசையில் அமர்த்திவிட்டால், அவர்களில் ஒருவருடைய மகனைப் பற்றியோ வாடிக்கையாளரைப் பற்றியோ வாய் திறக்க எவருக்கும் துணிவு வராது. அவர்களைத் தவிர்க்க முடியாது என்பதையும் நான் அறிவேன். ஆனால் அவர்களுடைய எண்ணிக்கை குழுவில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. மீதி இடங்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும், அவர்களிலும் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இருக்க வேண்டும். பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் கட்டாயம் தேவை, ஏனென்றால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளையின் முதுகில் தழும்பு இருக்கிறது என்பது வேறெவரையும்விட அவர்களுக்குத் தெரியும். கிராம உத்தியோகத்தரும் ஓட்டோ ஓட்டுநர் ஒருவரும் இருந்தால் நல்லது.

கூட்டத்தை நிலையத்தில் வைக்காதீர்கள். காலை பத்து மணிக்கும் வைக்காதீர்கள், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய வேலையையும் சம்பளத்தையும், இழந்து கூட்டத்துக்கு வரக்கூடிய தொழிலாளர் எவரும் இல்லை. மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, கைகால் கழுவி வரும் நேரத்தில், பிள்ளைக்காம்பராவில் முக்கால் மணி நேரம் போதும்.

நடந்து வாருங்கள்

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக்கப்பட்ட கான்ஸ்டபிள் ஓர் இளைஞர், குருநாகல் பக்கத்துக்காரர், தமிழ் அரைகுறை. முதல் தடவை மோட்டார் சைக்கிளில் வந்து, மேல் லயத்து வாசலில் நிறுத்தி, "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டார். "ஒண்ணுமில்ல, சார்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை சைக்கிளைப் பிரதான வீதியிலேயே விட்டுவிட்டு, தேயிலைக்கிடையே போகும் குறுக்குப்பாதையில் நடந்து ஏறி வந்தார். மூச்சு வாங்க, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பிள்ளைக்காம்பராப் படியில் உட்கார்ந்தார். அங்கிருந்த அம்மா ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கீழ்ப் பீலிக்குப் போகும் வழியில் விளக்கு எரிந்து பல மாதமாகிறது என்று அந்த அம்மாவே பேச்சைத் தொடங்கினார். கான்ஸ்டபிள் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் வந்தபோது, தோட்டத்து அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசியதாகவும், என்ன பதில் கிடைத்தது என்பதையும் முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான், பதினைந்து வயதுப் பெண்பிள்ளையொன்றைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அழைத்துப்போகத் தரகர் ஒருவர் வந்துபோகிறார் என்ற செய்தி அதே படியில் அவருக்குக் கிடைத்தது. வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021ஆம் ஆண்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருப்பதைத் தாய் தந்தையருக்கு எடுத்துச் சொல்லி, பிள்ளை வண்டியேறுவதற்கு முன்பே அதைத் தடுக்க முடிந்தது.

இதிலிருந்து நான் உத்தியோகத்தர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். வாரத்தில் குறைந்தது இரண்டு தடவை நடந்து வாருங்கள், ஒரே நேரத்தில் வராதீர்கள். ஒரு நாள் காலைப் பெரட்டு நேரம், ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் நேரம், ஒரு நாள் பிள்ளைகள் வகுப்பு விட்டு வரும் மாலை நேரம் என்று மாற்றி வாருங்கள். ஒரே வீட்டில் திரும்பத் திரும்ப உட்காராதீர்கள், அந்த வீட்டுக்காரர் உளவு சொல்பவர் என்ற பெயர் வாங்கிவிடுவார். கேட்டதற்குப் பதிலை, அது 'முடியாது' என்ற பதிலாக இருந்தாலும், அடுத்த வருகையில் முதலில் சொல்லுங்கள். மக்கள் நம்பிக்கை இழப்பது பிரச்சினை தீராததால் என்பதைவிட, சொன்னது என்னவாயிற்று என்று தெரியாமல் போவதால்தான் என்பது என் அனுபவம்.

ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் ஆறு மாதங்களில் பத்துப் பிரச்சினைகளைத் தொட்டு எதையும் முடிக்காமல் விடுவதைக் காட்டிலும், ஒன்றை எடுத்து வேர்வரை போவது மேல். எங்கள் குழு எடுத்தது சம்பள நாள் இரவைப் பற்றிய பிரச்சினை. மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைத்த அன்று மாலை கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் வரும், இரவு அடிதடி வரும், நள்ளிரவில் 119க்கு அழைப்பு போகும், ஜீப் வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும். நிலையத்தார் பல தடவை சுற்றிவளைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் போத்தல்களுடன் பிடிபட்டது ஏழைப் பெண்ணொருவர்தான், தண்டப் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தக் கடனை அடைப்பதற்காகவே அவர் மீண்டும் விற்பார். நிலையத்தின் கணக்கில் அது ஒவ்வொரு தடவையும் வெற்றிகரமான சுற்றிவளைப்பாகப் பதியப்பட்டது.

நாங்கள் செய்தது, மூன்று மாதங்களுக்கு ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில், என்று, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யாருக்கிடையே என்று எழுதி வைத்ததுதான். பெயருக்குப் பதிலாக வீட்டுக்கு ஓர் எண் கொடுத்தோம். மூன்றாம் மாத முடிவில் கொப்பியை விரித்துப் பார்த்தபோது, தகராறு தோட்டம் முழுவதும் பரவியிருக்கவில்லை என்பது தெரிந்தது. திரும்பத் திரும்ப வந்தவை நான்கு வீட்டு எண்கள். சரக்கு வந்து இறங்கியது விளக்கில்லாத அந்தக் கீழ்ப் பீலி வழியில், நகரத்திலிருந்து வரும் ஒரே ஓட்டோவில். அதன்பின் வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். விளக்கைத் தோட்ட நிர்வாகம் போட்டுத் தந்தது. சம்பள நாள் மாலை ஐந்து மணி முதல் கான்ஸ்டபிள் அந்தச் சந்தியில் நின்றார். சரக்கு வரும் வழி பற்றிய விவரம் பொறுப்பதிகாரி மூலமாக மதுவரித் திணைக்களத்துக்குப் போனது. அந்த நான்கு வீடுகளுக்கும் சம்பள நாளுக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரும் பெண் பொலிஸ் உத்தியோகத்தரும் சென்று, மனைவியருடன் தனியாகப் பேசினார்கள்.

கசிப்பு ஒழிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அதில் ஒரு பகுதி பக்கத்துப் பிரிவுக்கு நகர்ந்தது என்பதே உண்மை. ஆனால் அந்த நான்கு வீடுகளிலிருந்து நள்ளிரவு அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன, வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகள் கீழ் வழியால் நடக்கத் தொடங்கினார்கள்.

வேலைத்திறனை எதைக்கொண்டு அளப்பது

இதுவே முழு முறையின் உயிர்நாடி. பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு புதிய வேலையைச் செய்யச் சொன்னால், எந்த உத்தியோகத்தரும் சில மாதங்களில் பழைய வேலைக்கே திரும்பிவிடுவார். எத்தனை பேரைக் கைது செய்தார், எத்தனை சுற்றிவளைப்பு, எத்தனை வழக்கு என்பவற்றால் மட்டுமே அவருடைய மதிப்பீடு எழுதப்படுமானால், தரகரைத் தடுத்த அந்த மாலை நேரம் எந்தக் கட்டத்திலும் ஏறாது. நடக்காமல் போன ஒன்றுக்கு வழக்கு இலக்கம் கிடையாது அல்லவா? எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை புகைப்படம் முகநூலில் ஏறியது என்று எண்ணுவதும் அதே அளவுக்குப் பயனற்றது.

பொறுப்பதிகாரி மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை வேறு. ஒரே வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் வரும் அழைப்புகள் குறைகின்றனவா? தமிழ் பேசுவோர் கொடுத்த முறைப்பாடுகளில் எத்தனை தமிழில் பதியப்பட்டன? முறைப்பாடு செய்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் அதன் நிலை அறிவிக்கப்பட்டதா? தலைவரையோ மாஸ்டரையோ துணைக்கு அழைக்காமல் தனியாக நிலையத்துக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை கூடுகிறதா? இவற்றில் கடைசிக் கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். என்னைப் போன்றவர்கள் துணைக்குப் போக வேண்டியிராத நாள்தான் அந்த நிலையம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

முதலாண்டில் முறைப்பாடுகளின் எண்ணிக்கை ஏறும். இதைக் கண்டு மேலதிகாரிகள் பதறி, குற்றம் பெருகிவிட்டதாக எண்ணி, அந்த உத்தியோகத்தரைக் குறை சொல்லக் கூடாது. முன்பு சொல்லப்படாதிருந்தவை இப்போது சொல்லப்படுகின்றன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஒப்பிடும்போது கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், ஏனெனில் தீபாவளி முற்பணம் கிடைக்கும் மாதத்தையும் அடைமழையில் வேலை நாள் குறையும் மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. இந்த முறை தொடங்கப்படாத பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால், பிரச்சினை தீர்ந்ததா, இடம் மாறியதா என்பது தெரியவரும்.

ஆண்டுக்கொருமுறை வீடு வீடாக ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பெயர் தெரியுமா, கடந்த ஆறு மாதத்தில் அவரைக் கண்டீர்களா, இரவில் பீலிக்குப் போகப் பயமிருக்கிறதா, கடைசியாக நிலையத்துக்குப் போனபோது மரியாதையாக நடத்தினார்களா, மறுபடியும் போவீர்களா என்பவை போதும். கேட்பவர்கள் பொலிஸாராகவோ தலைவர்களாகவோ இருக்கக் கூடாது. வேறொரு தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

ஊரை அறிந்திருப்பதும் வேலைத்திறனே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உள்ளே எத்தனை பேர் அகப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டேயிருந்ததை நாடே பார்த்தது. எந்தக் காம்பராவில் எத்தனை பேர், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் என்பதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் வைத்திருக்கும் ஓர் உத்தியோகத்தர், அத்தகைய இரவில் பல உயிர்களுக்குச் சமம்.

குழு தொடக் கூடாதவை

குடும்ப வன்முறையைக் கோயில் முன்றலில் கூட்டிவைத்துச் சமரசம் செய்யும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றித் தெரிந்தால் 1929க்கும், பெண்களுக்கான உதவிக்கு 1938க்கும் அழைக்க வேண்டும். தோட்டத்தின் மானம் போய்விடும் என்று சொல்லி அதை மறைக்கும் குழு கலைக்கப்பட வேண்டிய குழு. வேலித் தகராறு, சிறு கடன், கோழி ஆடு விவகாரம் போன்றவை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகட்டும்.

குழு உறுப்பினர்கள் எவரையும் தடுத்து வைக்கவோ, வீட்டைச் சோதிக்கவோ, பொலிஸாருடன் சேர்ந்து விசாரிக்கவோ கூடாது. தமிழ்நாட்டில் 1993ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற பொலிஸ் அதிகாரி தொடங்கிய 'பொலிஸ் நண்பர்கள்' அமைப்பு நல்ல நோக்கத்தோடு வளர்ந்து மாநிலம் முழுவதும் பரவியது. 2020ஆம் ஆண்டு சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்தபோது எழுந்த குற்றச்சாட்டுகளில் அந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது, அரசு அதைத் தடை செய்தது. சீருடையில்லாத ஒருவர் சீருடையின் அதிகாரத்தைக் கையில் எடுப்பதற்கு எங்கும் இடம் கொடுக்காதீர்கள். உத்தியோகத்தரே எல்லை மீறினால், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இடமாற்றம் வரும்போது

நல்ல உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தே தீரும். எங்கள் கான்ஸ்டபிளுக்கும் வந்தது, முன்னறிவித்தல் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அவரோடு அவருடைய குறிப்புப் புத்தகமும் போய்விட்டது. புதிதாக வந்தவர் மீண்டும் மோட்டார் சைக்கிளில் மேல் லயத்து வாசலுக்கு வந்து, ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டார்.

அதன் பிறகு நாங்கள் கண்டுபிடித்த ஒழுங்கை இங்கே தருகிறேன். பிரிவுக்கென்று தனியாக ஒரு கொப்பி இருக்க வேண்டும், அது உத்தியோகத்தருடையதாக இல்லாமல் நிலையத்துடையதாக இருக்க வேண்டும், பொறுப்பதிகாரியின் அலுமாரியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் லயங்களின் கையால் வரைந்த படம், குறுக்குப்பாதைகள், தண்ணீர் எடுக்கும் இடங்கள், வீட்டு எண்ணுடன் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைகள், பாதி நடந்திருக்கும் வேலைகள், கொடுத்து நிறைவேற்றாத வாக்குறுதிகள் ஆகியவை எழுதப்பட வேண்டும். யார் தகவல் தந்தார்கள் என்பது மட்டும் எக்காரணம் கொண்டும் அதில் எழுதப்படக் கூடாது. இடமாற்றம் தெரிந்தவுடன், ஆண்டு நடுவில் உத்தியோகத்தரை மாற்றாதிருக்குமாறும், முடியாவிட்டால் பழையவரும் புதியவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து நடக்க அனுமதிக்குமாறும் குழு எழுத்து மூலம் பொறுப்பதிகாரியிடம் கேட்க வேண்டும். அடுத்த முறை அப்படிக் கேட்டோம், பத்து நாள் கிடைத்தது. அந்தப் பத்து நாளில் பழையவர் புதியவரை முதலில் கூட்டிக்கொண்டு போனது பிள்ளைக்காம்பராப் படிக்கு. "அக்கா, இனிமேல் இவர்தான் வருவார்" என்று சொல்லிவிட்டு அவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். உள்ளேயிருந்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணி வந்தது.